மடியில் கனம்

தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
இன்னும் வெளிவராத ஒன்றின் எடை.
கண்ணுக்கு எண் புரிகிறது,
தோளுக்குப் புரியவில்லை.

அதனால் ஒரு கிலோ மாவுப் பொட்டலத்தைப் பிரித்து
இரண்டு கரண்டி குறைத்து
வாயை ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, ஸென்யா தீவின் படகுத்துறை.
கைகொடுத்து ஏற்றிவிட்ட ஸ்வெர்ரே கேட்டான்,
"என்ன டாக்டர், இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறீர்கள்?"
மாவு என்று நான் சொல்லவில்லை.

பதினோரு வருடம்.
வலைக்கூண்டு வலைக்கூண்டாகப் போய்
சால்மன் தோலில் ஒட்டிய கடல்பேன்களை எண்ணுகிறேன்.
கூண்டுக்கு இருபது மீன்.
எண்ணியதை அங்கேயே, ஆடும் பலகைமேல் நின்று,
உப்பு உலர்ந்த விரலால் பதியவேண்டும்.
இப்போதிருப்பது இரண்டேகால் கிலோ,
சார்ஜர் என்ற செங்கல் தனி.
குறுக்குக்கோடு போட்ட ஓ
போன குளிர்காலத்தில் விசையோடு உதிர்ந்துபோனது.
இங்கே பாதி ஊர்ப்பெயர்களுக்கு அந்த எழுத்து வேண்டும்.
பெயரில்லாத ஊர்களில்தான்
நான் மீன் பார்த்து வருகிறேன்.

செவ்வாய்: மாவோடு ஒரு துண்டுப் பழுப்புச் சீஸ்.
ஆயிரத்து நூறு கிராம்.
இவன் திரை வெயிலில் கூசாதாம்,
பேட்டரி இருபது மணிநேரம் நிற்குமாம்,
இருபத்தைந்து டிகிரி அறையில்.
பிப்ரவரியில் அந்த அறை எந்தக் கடலில் இருக்கிறது?

புதன்: சீஸோடு ஒரு உருளைக்கிழங்கு.
மூன்றாமவன். விசைகளுக்குப் பேர்போனவன்,
அழுத்தினால் பதில் சொல்லுமாம் ஒவ்வொன்றும்.
உடம்பு முழுக்க அலுமினியம்.
குளிரில் அதைத் தொட
இன்னொரு கையுறை வாங்கவேண்டும்.

முதலாமவன் இலேசு, ஆனால்
நடுவில் அழுத்தினால் குழிகிறானாம்.
யார் அழுத்திப் பார்த்தார்களோ,
ஆளே இன்னும் வரவில்லையே!
மணியோசை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
வரப்போகும் யானையோ
ஒரு கிலோவுக்கும் குறைவு.

வியாழன் அலை பெரிது.
பை உருண்டது, பொட்டலம் வெடித்தது.
கேபின் கண்ணாடி, கயிறு, ஸ்வெர்ரேயின் தாடி,
எல்லாம் வெள்ளை.
அவன் நெடுநேரம் என்னைப் பார்த்தான்.
பிறகு உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்து,
"இது எந்த கம்பெனி?" என்றான்.

மார்ச் என்றார்கள். சிப் வரவில்லை, மே என்றார்கள்.
மேயில் ஃபின்ஸ்னெஸ் கடைக்கு
இரண்டாமவன் மட்டும் வந்து சேர்ந்தான்,
மேஜையோடு இரும்புக் கயிற்றால் கட்டப்பட்டு.
நான்கு விரல் உயரம் தூக்கலாம், அவ்வளவுதான்.
என் கையில் இருந்தது
அவன் எடையா, திருட்டுப் பயத்தின் எடையா?
"கொஞ்சம் அவிழ்த்துவிடுங்களேன்."
சாவி மேலாளரிடம். மேலாளர் சாப்பாட்டில்.
ஜன்னல் வெயிலில் திரையைப் பார்க்க நினைத்தேன்,
கயிறு ஜன்னல்வரை எட்டவில்லை.
மூடியை ஒரே விரலால் திறந்தேன்.
திறந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன்.
பின்னால் நின்ற பையன் இருமினான்.

மாலைப் படகில் பழையதை மடியில் வைத்துத்
தட்டிக்கொண்டிருந்தேன்.
உள்ளே விசிறி இரைந்தது, கிழட்டுப் பூனை மாதிரி.
தொடை இரண்டும் கதகதவென்றிருந்தன.
வெளியே இரண்டு டிகிரி.
புதியவர்கள் மூவருக்கும் விசிறியே கிடையாது,
சூடாகவே மாட்டார்கள்.
எத்தனை வரிசை போட்டு ஒப்பிட்டேன்,
இந்த ஒன்றுக்கு வரிசை போடவில்லை.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை.
யாரோ நிலத்தில் நடந்தவர் சொன்னது.
இங்கே காற்றடிக்கும்போது
காகிதம் பறக்காமலிருக்க எதை வைப்பேன்?

இருந்தாலும் அன்றிரவே
இரண்டாமவனுக்குப் பணம் கட்டிவிட்டேன்.
பதினோரு நாளில் வரும் என்று செய்தி.

பையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.
ஜிப்பின் பற்களில் மட்டும்
கடல்நீர் பட்ட மாவு இறுகிக் கிடக்கிறது,
பாதிக்குமேல் திறக்க மாட்டேன் என்கிறது.